கரித்துணியில் கிடைத்த சொல்

ஜூலை 8, திங்கள்

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆங்கில மன்றத்தில் நாங்கள் ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். அதன் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று ஐந்து நிமிடம். சொல் பாடப்புத்தகத்தில் இருக்கக் கூடாது, நாமே கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும் என்று ஜெபசெல்வி டீச்சர் சொல்லியிருக்கிறார். தெரிந்துகொள்வதைத் தினமும் ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். நோட்டை அவர் வாங்கிப் பார்க்க மாட்டாராம். அதனால் வீட்டில் நடப்பதையும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

என் வகுப்பில் பலர் டீக்கடைப் பலகை, பேருந்து, பிஸ்கட் பாக்கெட் என்று தேடினார்கள். எனக்கு எங்கள் சமையலறையிலேயே கிடைத்துவிட்டது. அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனியில் பிரிண்ட் சரியாக விழாத துணிகளை வேஸ்ட்டில் போட்டுவிடுவார்கள். அம்மா அதில் இரண்டு மூன்றை எடுத்துவந்து கரித்துணியாக வைத்துக்கொள்வாள். அடுப்பு மேடையில் கிடந்த கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் ஒரு சொல் இருந்தது. கடைசி எழுத்து மட்டும் பாதி அழிந்திருந்தது. ஹஸில். நடுவில் ஒரு டி இருக்கிறது. அதை உச்சரிக்கக் கூடாது என்று டீச்சர் சொன்னார்.

நான் துணியை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பால் பாத்திரத்தை இறக்கத் துணி கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு ஆயிரம் பனியன்ல இதைப் பாக்கறேன் கண்ணு. என்னன்னு கேக்கோணும்னு தோணவே இல்ல பாரு" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

என்னிடம் இருக்கும் சிறிய அகராதியில் இந்தச் சொல்லுக்கு ஒரே வரிதான்: சுறுசுறுப்பாக, இன்னும் கடினமாக உழைத்தல்.

அம்மா எட்டரை மணிக்கு வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றியபடியே யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பனியனை நாங்கதான போட்டுக்கோணும்?" என்றாள். பக்கத்து வீட்டு ரஞ்சிதம் அக்காவைக் கூப்பிட்டு இதையே மறுபடி சொன்னாள். இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்தார்கள்.

ரஞ்சிதம் அக்கா தேனிப் பக்கத்துக்காரர். அம்மாவுக்குக் கைமடி. அதாவது அம்மா மெஷினில் தைக்கத் தைக்க, பக்கத்தில் நின்று துணியை மடித்து எடுத்துக் கொடுப்பவர். நான் எப்போதும் படித்துக்கொண்டே இருப்பதால் என்னை வாத்தியாரம்மா என்பார். அம்மா தைப்பது கழுத்து லேபிள். பனியனின் பின்கழுத்தில் உட்புறம் இருக்கும் சின்னத் துணி. வாங்குகிறவர்கள் அது உறுத்துகிறது என்று வெட்டிவிடுவார்களாம்.

ஜூலை 10, புதன்

ஆறு நாளுக்குப் பிறகு இன்று தண்ணீர் வந்தது. காலையில் பதினான்கு குடம் பிடித்தேன். பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதம்.

என் சொல் கம்பெனிக்குப் போய்விட்டது. அம்மா மத்தியானம் சாப்பிடும்போது லைனில், அதாவது அவளோடு தைக்கும் மெஷின் வரிசையில், எல்லாருக்கும் பொருள் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு யாராவது கொஞ்சம் மெதுவாகத் தைத்தால் மற்றவர்கள், "ஏய், ஹஸில் பண்ணுடி" என்கிறார்களாம். சூப்பர்வைசர் லோகநாதன் அண்ணன் காதிலும் விழுந்துவிட்டது. சாந்தாமணி அக்காவின் பெண், அதாவது நான், கண்டுபிடித்துச் சொன்னது என்று ரஞ்சிதம் அக்கா பெருமையாகச் சொன்னாராம்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு சொல்லை அச்சடித்தவர்கள், தைத்தவர்கள், பெட்டியில் அடுக்கியவர்கள் யாருக்குமே அதன் பொருள் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது.

ஜூலை 11, வியாழன்

லைனுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். அதில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் முடிக்க வேண்டும் என்று எழுதுவார்கள். இன்று லோகநாதன் அண்ணன் அதன் மேல் பெரிய எழுத்தில் ஹஸில் என்று எழுதியிருக்கிறார். தமிழிலேயே எழுதியிருக்கிறார். கீழே எண்பது என்று இருந்ததை அழித்துத் தொண்ணூற்றைந்து ஆக்கியிருக்கிறார். இருபதாம் தேதி சனிக்கிழமை ஷிப்மெண்ட். நாளைக்கு வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து பார்வையிடுகிறார்.

"உன்ற பேரைத்தான் எழுதலை. மத்தபடி நீதான் போர்டுல இருக்கற" என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். கால் பிடித்துவிட்டேன்.

டீச்சரிடம் நாளைக்கே இதைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிவிட்டது. பனியன் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வந்தாள். டெய்லர் என்றால் ஒரு தடவையாவது ஏறும், இது தனக்கு மூன்றாவது தடவை என்றாள். ரஞ்சிதம் அக்கா தக்காளிச் சாதம் கொடுத்தனுப்பினார்.

சொல்லைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

ஜூலை 13, சனி

காலையில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து விரலில் பற்றுப் போட்டேன். நகத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான். அம்மா வேலைக்குப் போய்விட்டாள்.

ஊசியைப் பற்றி இங்கே எழுதிவைக்கிறேன். கம்பெனியில் ஒரு ஊசி உடைந்தால் உடனே வேறு ஊசி கொடுத்துவிட மாட்டார்கள். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் டெய்லர் தேடி எடுக்க வேண்டும். அவற்றை ஒரு நோட்டில் ஊசி வடிவத்துக்குச் சேர்த்துவைத்து, மேலே செல்லோ டேப் ஒட்டி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் ஊசி நோட்டு. சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நின்றுவிடும். அது ஏதாவது பனியனில் மாட்டிக்கொண்டு, அதை ஒரு குழந்தை போட்டுக்கொண்டால் குத்திவிடும் அல்லவா? அதனால் அது வரை தைத்த பீஸ்களை எல்லாம் பிரித்து, இரும்பு இருந்தால் கத்தும் மெஷினில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார்கள். நல்ல வழக்கம் என்று நினைக்கிறேன்.

நேற்று அம்மாவின் ஊசி மூன்று துண்டாக உடைந்ததாம். மூன்றையும் ஒட்டிவிட்டேன் என்று சொன்னாள்.

ராத்திரி பாவாடைக்கு நாடா கோர்க்க ஊக்கு கேட்டேன். அம்மாவின் தாலிக்கயிற்றில் எப்போதும் மூன்று நான்கு ஊக்கு தொங்கும். கம்பெனிக்குள் ஊக்கு கொண்டுபோகக் கூடாது, ஆனால் தாலியில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. அவள் கழற்றிக் கொடுத்த ஊக்குக்கு முனை இல்லை. நுனியில் எள்ளளவுக்கு உடைந்திருந்தது. அம்மா சட்டென்று அதை வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தாள்.

ஊக்கு அந்த இடத்தில் உடைந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஷிப்மெண்ட் நெருங்குவதால் ஞாயிறும் வேலை. துணி துவைத்தது, மாவுக்கு அரிசி ஊறவைத்தது எல்லாம் நான்தான். ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது. கொடியில் போட்ட துணிகளை இரண்டு தடவை தெருவில் போய்ப் பொறுக்கிவந்தேன்.

அப்பா போன் செய்தார். அவர் துணி லாரி ஓட்டுகிறார். இப்போது லூதியானாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நாக்பூர் தாண்டிவிட்டாராம். அங்கே மழை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அது உண்மைதான். அப்போது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்பூனால் சாப்பிட்டாள். மஞ்சள் பற்று சோற்றில் ஒட்டும் என்பதற்காக.

ஜூலை 15, திங்கள்

பள்ளி நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பெரிய அகராதி இருக்கிறது. டீச்சர் சாவி வாங்கித் தந்தார். அதைத் தூக்க இரண்டு கை வேண்டும். என் சொல்லுக்கு அதில் பாதிப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். முழுவதையும் எழுதிக்கொண்டேன்.

இடித்துத் தள்ளுதல். நெருக்கியடித்து ஓர் இடத்தில் இருந்து விரட்டுதல். அவசரப்படுத்தி ஒன்றைச் செய்யவைத்தல். ஏமாற்றிப் பறித்தல். வேகமாகச் செல்லுதல். இவற்றுக்கெல்லாம் பிறகு, கடைசியாக, அமெரிக்காவில் தோன்றியது: ஊக்கத்துடன் கடினமாக உழைத்தல்.

என் சின்ன அகராதியில் இருந்தது இந்தக் கடைசிப் பொருள் மட்டும். ஒரு சொல்லுக்கு உழைப்பு என்ற பொருள் வருவதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே தள்ளுதல் என்ற பொருள் இருந்திருக்கிறது. எது முதலில் வந்தது என்று தேதியோடு போட்டிருக்கிறார்கள். இவ்வளவு பொறுமையாக ஒருவர் உட்கார்ந்து தேடியிருக்கிறாரே என்று வியப்பாக இருந்தது.

பலகையில் எழுதியிருப்பது எந்தப் பொருள் என்று அம்மாவிடம் பேச நினைத்தேன். அவள் வந்ததும் குளிக்காமல் படுத்துவிட்டாள். என்னைத் தலை வாரிவிடச் சொன்னாள். அம்மா என்னிடம் தலை வாரிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஜூலை 16, செவ்வாய்

விரல் வீங்கி, நுனி முழுவதும் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. பற்றை மாற்றும்போது நுனியை மெதுவாகத் தொட்டேன். அம்மா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"உள்ள இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குது. மொதல்ல கீழ விழுந்துட்டுதுன்னுதான் நெனச்சேன். ராத்திரி வலிக்கையிலதான் தெரிஞ்சது."

"மூணு துண்டையும் ஒட்டிட்டேன்னு சொன்ன."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வாங்குகிற கம்பெனியின் ஆள் மூன்றாவது மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாராம். லோகநாதன் அண்ணன் வேகமாக வாங்க, வேகமாக வாங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தாராம். முனை மட்டும் கிடைக்கவில்லை. அது கிடைக்காவிட்டால் அறுபது பேரும் எழுந்து நிற்க வேண்டும். அம்மா தாலியில் இருந்த ஊக்கின் முனையை ஒடித்து டேப்புக்கு அடியில் வைத்து ஒட்டிவிட்டாள். டேப்புக்குள் பார்த்தால் ஊசி முனையும் ஊக்கு முனையும் ஒன்று போலத்தான் இருக்கும்.

இப்போதாவது சொல்லிவிடலாமே என்றேன்.

"இப்பச் சொன்னா கட்டின பொட்டியெல்லாம் பிரிக்கோணும் கண்ணு. லோகநாதனும் கையெழுத்துப் போட்டிருக்குது. அதுக்கும் ரெண்டு கொழந்தைக. சனிக்கெழம வண்டி போயிரும். ஞாயித்துக்கெழம நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன். நாலு நாளு."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றாள். பக்கத்தில் யாரிடமும் சொல்லக் கூடாது. சரி என்றேன்.

ரஞ்சிதம் அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். போகும்போது, "சாந்தாக்கா, பேக்கிங் பக்கம் கைய வீசிக்கிட்டுப் போயிராத. அந்த மெஷினு ஒன்னையப் பாத்துக் கத்திரும்" என்றார். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு பாத்திரம் கழுவப் போனேன்.

ஜூலை 17, புதன்

தண்ணீர் வந்தது. பத்துக் குடம்தான் பிடிக்க முடிந்தது.

அம்மா காலையில் ஜடை போட முடியாமல் கொண்டையாக முடிந்துகொண்டு போனாள். நடு விரலால் லேபிளைத் தள்ளித் தைக்கப் பழகிவிட்டதாகச் சொல்கிறாள். மணிக்குத் தொண்ணூற்றைந்து வருகிறதாம்.

ஜூலை 18, வியாழன்

சொல்லின் பிறப்பிடம் கிடைத்துவிட்டது. அது டச்சுச் சொல். ஒரு பொருளை எடுத்துக் குலுக்குவது, தூக்கிப் போட்டு உலுக்குவது என்பதுதான் அதன் முதல் பொருள். தொப்பிக்குள் காசுகளைப் போட்டுக் குலுக்கி ஆடும் ஆட்டம் ஒன்று இருந்திருக்கிறது. அதன் வழியாகத்தான் ஆங்கிலத்துக்கு வந்தது.

டச்சுக்காரர்களை எனக்குத் தெரியும். சமூக அறிவியலில் இருக்கிறது. பழவேற்காட்டில் கோட்டை கட்டி, இங்கே நெய்த துணிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் வாயில் இருந்த ஒரு சொல் இங்கிலாந்து போய், அமெரிக்கா போய், இப்போது நம் ஊர்த் துணியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொன்னபோது டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டார். பேச்சை இதில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

டீச்சரிடம் இன்னொன்றும் சொல்லலாமா என்று நினைத்தேன். டீச்சரின் தங்கை செவிலியராக இருக்கிறார். மணி அடித்துவிட்டது.

மணி அடிப்பதற்கு முன்பும் நேரம் இருந்தது.

ராத்திரி அப்பா போன் செய்தார். அம்மா இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க மாமா, அங்க சப்பாத்திதானுங்களா மூணு நேரமும்?" என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் போன் வந்தது. என் பேச்சைப் பற்றிக் கேட்டார். முழுவதையும் சொன்னேன். வேறு என்ன விசேஷம் என்றார். அம்மா எதிரில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

பேசிவிட்டேன். ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள், ஏழு நிமிடம் ஆகிவிட்டது. தலைமை ஆசிரியை முன் வரிசையில் இருந்தார். குலுக்குதல், தள்ளுதல், அவசரப்படுத்துதல், ஏமாற்றுதல், உழைத்தல் என்று வரிசையாகச் சொன்னேன். தேதிகளைப் பார்க்காமல் சொன்னேன். கடைசியில் டீச்சர் இந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்.

என் அம்மாவை வைத்து ஒரு வாக்கியம் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். தலைமை ஆசிரியை எழுந்து நின்று தட்டினார். எனக்கு முதல் பரிசு. கெட்டி அட்டை போட்ட அகராதி.

அந்த வாக்கியத்தில் சொல்லை எந்தப் பொருளில் பயன்படுத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா ஏழு மணிக்கே வந்துவிட்டாள். லோகநாதன் அண்ணனே அனுப்பிவைத்தாராம். பரிசை இடது கையால் வாங்கித் தடவிப் பார்த்தாள். அவள் கை என் மேல் பட்டபோது தோசைக்கல் போல் சுட்டது. இரண்டு மாத்திரை கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகலாம் என்று மூன்று தடவை சொன்னேன். எண்ணிக்கொண்டுதான் சொன்னேன். மூன்றாவது தடவை அம்மா, "நாளைக்கு ஒரு நாள் சாமி" என்றாள். முழங்கை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு போயிருந்தது.

ரஞ்சிதம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று வாசல் வரை போனேன். அவர்களும் அசந்து தூங்குவார்கள், நாளை ஒரு நாள்தானே என்று திரும்பிவிட்டேன்.

ஜூலை 20, சனி

அம்மா வேலைக்குப் போனாள்.

மூன்றரை மணிக்குக் கம்பெனி வேன் எங்கள் காம்பவுண்டு வாசலில் நின்றது. ரஞ்சிதம் அக்கா என்னை ஏற்றிக்கொண்டார். கடைசிப் பெட்டி கட்டியதும் எல்லாரும் கை தட்டினார்களாம். அம்மாவும் தட்டப் போயிருக்கிறாள். மயங்கி மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள். வேனுக்குள் அம்மாவின் தலை லோகநாதன் அண்ணனின் மடியில் இருந்தது. அவர் அம்மாவின் விரலைப் பார்க்கவில்லை. வழி முழுவதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

போர்டை அழிச்சுட்டாங்களா என்று அக்காவிடம் கேட்டேன். எனக்கே ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நீ அந்த வார்த்தையச் சொல்லாட்டியும் தொண்ணூத்தஞ்சுதான்த்தா எழுதியிருப்பாங்க. அழுவாத" என்றார். நான் அழவில்லை. அவர்தான் அழுதார்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று அம்மாவே ஆஸ்பத்திரிக்கு வருவதாக இருந்த நாள்.

ஜூலை 22, திங்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் சீழ் எலும்புக்குள் சீக்கிரம் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். இளம் வயதுப் பெண் டாக்டர். என்னை என்ன படிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, ஒரு தாளில் விரலை வரைந்து காட்டினார். ஒரு விரலில் மூன்று எலும்பு. அதில் இரண்டை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கையே போய்விடும்.

"நாலு நாளைக்கு முன்னாடி வந்திருந்தா ஊசியை மட்டும் எடுத்திருப்பேன்மா" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னார்.

திங்களில் இருந்து நான்கு நாள் பின்னால் போனால் வியாழன்.

பதினொரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டே காலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். ஊசி முனையை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். எள்ளை விடக் கொஞ்சம் பெரியது.

ஜூலை 23, செவ்வாய்

அம்மா கண் விழித்ததும் கட்டைப் பார்த்தாள். கட்டு பெரிதாக இருப்பதால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. "எவ்வளவு கண்ணு?" என்றாள். நான் என் விரலைக் காட்டி, அடிக்கணுவுக்கு மேலே கோடு போட்டுக் காண்பித்தேன்.

அம்மா தன் இடது கை ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாள். லேபிளைப் பிடிக்கிற மாதிரி. பதினாறு வருடமாக அம்மா டெய்லர்.

அரை டம்ளர் கஞ்சி குடித்தாள்.

ஜூலை 24, புதன்

அப்பா வந்துவிட்டார். திரும்பி வரும்போது பாதி வழியில் லாரியை வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலில் வந்திருக்கிறார். இரண்டு நாள் தாடி. அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அம்மா, "லோடு என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

டீ வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடையில் நின்றபடி, "உனக்கு எப்பத் தெரியும் கண்ணு?" என்றார்.

சனிக்கிழமை என்று சொன்னேன்.

அப்பா என் தலையைத் தடவிவிட்டு, பன் வாங்கிக் கொடுத்தார். கொழந்த தனியாக் கெடந்து தவிச்சிருக்குது என்று கடைக்காரரிடம் சொன்னார். பன்னைச் சாப்பிட முடியவில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருந்ததால் சாப்பிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

கம்பெனி மேனேஜர் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், பூப்போட்ட பிளாஸ்க் எல்லாம் வாங்கிவந்தார். லோகநாதன் அண்ணன் அவர் பின்னால் கதவோரம் நின்றார். மேனேஜர் நல்லவிதமாகத்தான் பேசினார். கை ஆறியதும் சாந்தாமணி செக்கிங் டேபிளுக்கு வரலாம், உட்கார்ந்து பார்க்கிற வேலை, இடம் காலியாக வைத்திருப்போம் என்றார். ஒரே ஒரு சங்கடம், ஊசி நோட்டில் துண்டு எல்லாம் கிடைத்ததாகச் சாந்தாமணியின் கையெழுத்தே இருக்கிறது, கம்பெனியில் நடந்த விபத்து என்று எழுதினால் அதிகாரிகள் அந்த நோட்டைக் கேட்பார்கள், அப்புறம் லோகநாதன், பக்கத்தில் நின்ற கைமடி, எல்லாரையும் கேட்பார்கள் என்றார். சரக்கு நடுக்கடலில் இருக்கிறதாம். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார்.

அப்பா எழுந்துவிட்டார். "ஊசி எங்கீங்க ஏறுச்சு? கோயில்லயா?" என்றார்.

"நீங்க செத்த சும்மா இருங்க மாமா" என்று அம்மா சொன்னாள். அதிகச் சத்தமாகச் சொல்லவில்லை. அப்பா வெளியே போய்விட்டார். வராந்தாவில் அவர் இருமுவது கேட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். "என்ற கையில எழுத முடியாது. நீ எழுது கண்ணு. உன்ற எழுத்து அழகா இருக்கும்."

எனக்கு ஏதேதோ கேட்கத் தோன்றியது. செக்கிங் டேபிளில் ஆள்காட்டி விரல் வேண்டாமா என்று கேட்கத் தோன்றியது. ஊக்கு முனை இன்னும் அந்த டேப்புக்குள் இருக்கிறதே, அதை யாராவது ஒரு நாள் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றியது. லோகநாதன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் இருந்த பேனாவைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

அம்மா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். நான் இலக்கணப் பிழை இல்லாமல் திருத்திக்கொண்டே எழுதினேன். "ஐயா, நான் ஜூலை பன்னிரண்டாம் தேதி மாலை, வேலை முடிந்து வந்த பிறகு, என் வீட்டில் என் சொந்தத் தையல் மெஷினில் துணி தைத்துக்கொண்டிருந்தபோது, என் கவனக் குறைவால் ஊசி என் விரலில் ஏறிவிட்டது. இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல."

தேதிக்குக் கீழே அம்மா இடது கைப் பெருவிரலை மையில் வைத்து ஒற்றினாள். மேனேஜர் தாளை விளக்குப் பக்கம் பிடித்துப் படித்தார். பாப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார். மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் தையல் மெஷின் கிடையாது.